கலங்களை அழைக்கும் விளக்கு: மெரினாவிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு பகற்பயணம்

தமிழில் 'கரைதல்' என்னும் சொல்லுக்கு அழைத்தல் என்றொரு பொருள் உண்டு. காகம் தன் இனத்தைக் கூவி அழைப்பதைக் கரைதல் என்று இன்றும் சொல்கிறோம். கலம் என்பது கப்பல். கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கு என்பதால் 'கலங்கரை விளக்கம்' எனப் பெயர் வந்தது. பாறை இருக்கிறது, விலகிச் செல் என்று எச்சரிப்பது அதன் ஒரு பணி. இங்கே துறை இருக்கிறது, வந்து சேர் என்று அழைப்பது மற்றொரு பணி. நம் முன்னோர் பெயரிடும்போது இரண்டாவதையே முதன்மையாகக் கொண்டனர்.

இச்சொல் சிலப்பதிகாரத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. அதற்கும் முற்பட்ட பெரும்பாணாற்றுப்படையில், தொண்டை நாட்டின் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் ஏணி சாத்திய உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் ஏற்றப்பட்ட விளக்கொன்றைப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். ஆகவே, தொண்டை நாட்டுக் கடற்கரையில் கலங்கரை விளக்கம் காணச் செல்வது மிகப் பழைய வழியொன்றில் நடப்பதற்கு ஒப்பாகும்.

இம்மடலின் வாசகர் பலரைப் போலவே நானும் நோயாளி ஒருவரின் குடும்பத்தைச் சேர்ந்தவள். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் என் தந்தையார்க்கு இதய மாற்றுவழி அறுவை சிகிச்சை நடந்தது. அவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், வயது 68. மாசி மாதத்தின் முதல் வாரத்தில், மருத்துவரின் இசைவோடு, அவரையும் என் தாயாரையும் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஒரு பகற்பொழுதுப் பயணம் சென்று வந்தோம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியோரின் குடும்பங்கள் பலவற்றிலும் எழும் வினா ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது: இனி வெளியே செல்லலாமா? செல்வதாயின் எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம்? அவ்வினாவுக்கு நாங்கள் கண்ட விடையைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவரிடம் கேட்ட கேள்வி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 60 கிலோமீட்டருக்குள் அடங்கும். இதன் ஒரு முனையில் மெரினாவின் கலங்கரை விளக்கமும் மறுமுனையில் மாமல்லபுரத்தின் கலங்கரை விளக்கமும் நிற்கின்றன. இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். பள்ளியில் பணியாற்றிய நாள்களில் மாணவரைப் பலமுறை அழைத்துச் சென்ற இடங்கள் அவை.

"பயணம் போகலாமா?" என்று பொதுப்படக் கேட்டிருந்தால் பொதுப்படையான விடைதான் கிடைத்திருக்கும். எனவே, "இத்தனை மணி நேரம் காரில் அமர வேண்டும், இந்த இடத்தில் படியேற வேண்டும், இவ்வளவு வெயில் இருக்கும்" என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றோம். இரண்டு மாடிப் படிகளை நிற்காமலும் மூச்சிரைக்காமலும் நெஞ்சில் அழுத்தமின்றியும் ஏற முடிகிறதா என்பதை மருத்துவர்கள் ஓர் எளிய அளவுகோலாகக் கொள்வதுண்டு. தந்தையார் ஒரு மாடியை எளிதாக ஏறினார். இரண்டாவது மாடியின் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: "மெரினாவில் மின்தூக்கி உண்டு, போய்வாருங்கள். மாமல்லபுரத்துக்கும் செல்லுங்கள். ஆனால் கோபுரத்தில் இம்முறை ஏற வேண்டாம்."

தந்தையார்க்கு அது வருத்தமே. "கீழே உட்கார்ந்திருப்பதற்கா அவ்வளவு தூரம் போக வேண்டும்?" என்றார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பயணமே வேண்டாம் என்றுதான் இருந்தது. எட்டு மாதங்களாக மருந்து நேரங்களை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தவர் அவர். இரவில் இருமுறையேனும் எழுந்து, தந்தையாரின் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மீண்டும் படுப்பார். அடுத்த தெருவில் நடந்த உறவினர் திருமணத்துக்குக்கூட அவர் செல்லவில்லை.

நகரம் மாறி மாறி ஏற்றிய விளக்கு

காலை பத்து மணியளவில் மெரினாவை அடைந்தோம். சென்னையின் கலங்கரை விளக்கத்துக்கு இரு நூற்றாண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு. முதல் விளக்கு 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டையினுள், இன்று அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடத்தின்மேல் ஏற்றப்பட்டது. அதற்கு எரிபொருள் தேங்காயெண்ணெய். இரண்டாவது விளக்கு 1844-இல் கோட்டைக்கு வடக்கே எழுப்பப்பட்ட தனிக் கற்றூண். கிரேக்கப் பாணியில் அமைந்த அத்தூண் உயர்நீதிமன்ற வளாகத்துள் இன்றும் நிற்கிறது. மூன்றாவது விளக்கு 1894-இல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சியிலேயே அமைந்தது. பகலில் வழக்காடு மன்றமாகவும் இரவில் கடலோடிகளின் வழிகாட்டியாகவும் அக்கட்டடம் பல்லாண்டுகள் விளங்கியது. இப்போதுள்ள நான்காவது விளக்கு 1977-இல் மெரினாவின் தென்பகுதியில் செயற்படத் தொடங்கியது. முக்கோண வடிவத்தில், சிவப்பும் வெள்ளையும் மாறிவரும் பட்டைகளோடு, ஏறத்தாழ 46 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. மின்தூக்கி உள்ள கலங்கரை விளக்கங்கள் உலகில் மிகச் சிலவே. இது அவற்றுள் ஒன்று. பொதுமக்களுக்காக இது 2013-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பார்வையாளர் ஒன்பதாம் தளம் வரை செல்லலாம்.

மின்தூக்கியில் ஏறியபோது தாயார் தந்தையாரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். நாடி பார்ப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஒன்பதாம் தளத்தில் கதவு திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. வடக்கே துறைமுகம், அடியில் நொச்சிக்குப்பத்துப் படகுகளும் வலைகளும், தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெண்கூர்மாடம். தந்தையார் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு பேரனைப் பார்த்து, "இந்த மணற்பரப்பு எப்போது இவ்வளவு அகலமானது தெரியுமா?" என்று கேட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கே துறைமுகம் கட்டப்பட்டபின், கரையோர நீரோட்டம் கொண்டுவந்த மணல் அதன் தென்புறத்தில் தங்கிச் சேர்ந்ததாலேயே மெரினா இன்றைய அகலத்தைப் பெற்றது என்று விளக்கினார். எட்டு மாதங்களாக நாங்கள் கேட்காதிருந்த வகுப்பறைக் குரல் அது.

அடுத்து அடிவானத்தின் கணக்கு வந்தது. பூமி உருண்டை ஆதலால் நாம் நிற்கும் உயரத்தைப் பொறுத்தே அடிவானத்தின் தொலைவு அமையும். கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.6 ஆல் பெருக்கினால், தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கரையில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பின், அவர்க்குக் கடல் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் வரை தெரியும். 40 மீட்டர் உயரத்தில் நிற்பவர்க்கு 22 கிலோமீட்டருக்கும் மேல் தெரியும். விளக்கை உயரத்தில் வைப்பதன் காரணமும் இதுவே. ஒளி எவ்வளவு வலியதாயினும் பூமியின் வளைவுக்கு அப்பால் உள்ள மாலுமியின் கண்ணை அது எட்டாது.

ஒளியின் வலிமைக்கும் ஒரு வரலாறு உண்டு. எண்ணெய்ச் சுடரின் ஒளி எல்லாத் திசையிலும் சிதறி வீணாகும். பிரான்சு நாட்டு அறிஞர் ஃபிரெனெல், கண்ணாடிப் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கி, சிதறும் ஒளியை ஒரே திசையில் திரட்டும் வில்லையை உருவாக்கினார். 1823-இல் அந்நாட்டின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு விளக்குக்கும் தனக்கே உரிய கால இடைவெளி உண்டு. எத்தனை நொடிக்கு எத்தனை முறை ஒளி வீசுகிறது என்பதை எண்ணியே, இது எந்த ஊரின் விளக்கு என்பதை மாலுமி அறிந்துகொள்கிறார்.

கடற்கரைச் சாலையில்

திருவான்மியூரைக் கடந்து தெற்கே செல்லச் செல்ல நகரத்தின் நெரிசல் குறைகிறது. முட்டுக்காட்டில் கடற்கழியின் நீர்ப்பரப்பு விரிகிறது. அங்கு வண்டியை நிறுத்தி, கால்மணி நேரம் மெல்ல நடந்தோம். நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்திருந்தால் கால் நாளங்களில் குருதி தேங்கும். மணிக்கொரு முறையேனும் இறங்கி நடப்பது நன்று என்று இயன்முறை மருத்துவர் அறிவுறுத்தியிருந்தார்.

சாலையோரத்தில் இளநீர்க் குவியல்களைக் கண்டதும் மகன் வண்டியை நிறுத்தச் சொன்னான். தந்தையார்க்கு இளநீர் பருகத் தடையில்லை. எனினும் ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கும், பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய சில இதய மருந்துகளை உட்கொள்வோர்க்கும் அது தீங்கு விளைவிக்கலாம். நீர் அருந்தும் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் இளநீரையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லோர்க்கும் நல்லது என்று நாம் நம்பும் ஒன்று ஒருவர்க்கு ஆகாமற்போகலாம். மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது தகும்.

கோவளத்தையும் திருவிடந்தையையும் கடந்து, வடநெம்மேலியில் முதலைப் பண்ணையின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி சென்றோம். வழியில் நிழலான இடத்தில் வீட்டிலிருந்து கொண்டுசென்ற உப்புக் குறைத்த தயிர்ச்சோற்றை உண்டோம். உச்சி வெயில் தணியும்வரை அறை ஒன்றில் படுத்து ஓய்வெடுத்தார் தந்தையார். ஒரே நாளில் பலவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட்டோம்.

மாமல்லபுரத்தின் இரு விளக்குகள்

மாமல்லபுரத்தின் குன்றின்மேல், மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, ஒலக்கண்ணேசுவரர் கோயில் உள்ளது. எட்டாம் நூற்றாண்டில் பல்லவர் கட்டிய கற்றளி அது. அதன் விமானத்தின் மேற்பகுதி இப்போது இல்லை. 1887-இல் ஆங்கிலேயர் அக்கோயிலின் தளத்தின்மேல்தான் விளக்கை ஏற்றினர். ஊரார் அதனைப் பழைய கலங்கரை விளக்கம் என்றே வழங்குகின்றனர். பின்னர் அருகிலேயே கருங்கல்லால் வட்டக் கோபுரம் ஒன்று எழுந்து, 1904 முதல் முழுமையாகச் செயற்படத் தொடங்கியது. பாதுகாப்புக் காரணங்களால் சில ஆண்டுகள் பார்வையாளர்க்கு மூடப்பட்டிருந்த அக்கோபுரம் 2011-இல் மீண்டும் திறக்கப்பட்டது. உலக மரபுச் சின்னங்களாக 1984-இல் அறிவிக்கப்பட்ட பல்லவச் சிற்பங்களுக்கு நடுவே, அதே நிறக் கல்லில் நிற்பதால் அது புதியது என்றே தோன்றுவதில்லை.

இங்கு மின்தூக்கி இல்லை. குன்றின் சரிவில் ஏறி, கோபுரத்தினுள் சுழன்று செல்லும் படிகளில் ஏற வேண்டும். மேலே செல்லச் செல்ல இடம் குறுகுகிறது. அடிவாரத்தில் மர நிழலில் மடக்கு நாற்காலியை விரித்துத் தந்தையாரை அமரச் செய்தோம்.

நான் அவருடன் இருப்பதாகவும், தாயார் பேரனோடு மேலே சென்று வரட்டும் என்றும் சொன்னேன். தாயார் மறுத்தார். "அவரைக் கீழே விட்டுவிட்டு நான் எதற்கு மேலே போக வேண்டும்? நீ போய் வா" என்றார். மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அருகிலிருந்த பாறையில் அமர்ந்துவிட்டார்.

தந்தையார் சிறிது நேரம் அவரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "அந்தப் பையை இங்கே கொடு" என்றார். "எது எந்த நேரத்துக்கு என்று எனக்கும் தெரியும். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறது. மகள் பக்கத்தில் இருக்கிறாள். நீ போய்ப் பார்த்துவிட்டு வா. நான் எங்கும் போய்விட மாட்டேன்."

கடைசிச் சொற்களை அவர் சற்று மெதுவாகவே சொன்னார். தாயார் என்னைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். பையைக் கொடுத்துவிட்டு, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார்.

அரைமணி நேரம் ஆயிற்று. கோபுரத்தின் மேல்மாடத்தில் இரு உருவங்கள் தெரிந்தன. மரத்தின் கீழ் இருந்தால் அங்கிருந்து கண்ணுக்குப் படமாட்டோம் என்று தந்தையார் எழுந்தார். கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி, பத்தடி தள்ளி வெட்டவெளியில் வந்து நின்றார். மேலிருந்து ஒரு கை அசைந்தது. அந்தக் கை கீழிறங்கும்வரை அவரும் குடையைத் தாழ்த்தவில்லை.

இறங்கி வந்த தாயாரின் முகம் வியர்த்திருந்தது. கிழக்கே கடற்கரைக் கோயிலும், தெற்கே ஐந்து தேர்களும், நாற்புறமும் பச்சையும் நீலமுமாகத் தெரிந்ததைப் பேரன் அடுக்கிச் சொன்னான். "அடிவானம் தெரிந்ததா?" என்று தந்தையார் கேட்டார். "தெரிந்தது" என்ற தாயார், சற்றுப் பொறுத்து, "மேலே நின்றபோது பத்து நிமிடம் மருந்து நேரம் நினைவுக்கே வரவில்லை" என்றார். அதைக் குற்றம்போலச் சொன்னாரா, வியப்போடு சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. தந்தையார் சிரித்துக்கொண்டே நாலரை மணி மாத்திரையை எடுத்துக் காட்டி, தாமே விழுங்கினார்.

இருட்டுவதற்குள் சென்னைக்குத் திரும்பிவிட்டோம். அன்றிரவு தாயார் இடையில் எழவில்லை. அடுத்த வாரம் முதல், காலை மருந்துகளைத் தந்தையாரே பார்த்து எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். அந்நேரத்தில் தாயார் கோயிலுக்குச் சென்று வருகிறார்.

புறப்படுவோர் கவனத்துக்கு

இத்தகைய பயணத்தை எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்ற அளவில், மருத்துவர்களும் செவிலியரும் எங்களுக்குச் சொன்னவற்றையும், நாங்கள் கண்டறிந்தவற்றையும் இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

பயணத் திட்டத்தை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். படிகள், நடை, வெயில், அமரும் நேரம் ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள். எது கூடும், எது கூடாது என்பதைப் புறப்படும் முன்பே நோயாளிக்கும் தெரிவித்துவிடுங்கள். கோபுரத்தின் வாயிலில் நின்று அதை விவாதிப்பது யாருக்கும் நல்லதன்று.

பார்வை நேரம், விடுமுறை நாள், மின்தூக்கி இயங்குகிறதா என்பனவற்றை முன்னதாகவே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருத்துவமனையில் தந்த சிகிச்சைச் சுருக்கத்தின் படியையும், மருந்துப் பட்டியலையும், ஒரு நாளுக்கு மேற்பட்ட மருந்துகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரினுள் விட்டுச் செல்லாதீர்கள். நீர்பிரி மாத்திரை உட்கொள்வோர், வழியில் கழிப்பறை கிடைக்காதே என்றெண்ணி அதனைத் தாமாகத் தவிர்க்க வேண்டாம். அன்றைக்கு எந்நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குன்றியோர் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடக்கலாகாது. சுடுமணலில் பாதம் வெந்தாலும் அவர்க்குத் தெரியாது. சர்க்கரை தாழ்ந்தால் உடனே உண்ணச் சிறிது சர்க்கரையோ இனிப்போ கைப்பையில் இருக்கட்டும்.

மார்பில் அறுவை சிகிச்சை பெற்றோர், இருக்கைப் பட்டைக்கும் மார்புக்கும் இடையே மெல்லிய தலையணை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பட்டை அணியாமல் இருத்தல் கூடாது. முழங்கால் வலி உள்ளோர்க்குப் படியேறுவதைவிடப் படியிறங்குவதே கடினம் என்பதையும் ஏறும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், அளவுக்கு மீறிய வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே அமர்ந்துவிடுங்கள். மருத்துவர் அறிவுறுத்திய மருந்தை உட்கொண்டு, 108 என்ற எண்ணை அழையுங்கள். சிறிது பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

இறுதியாக, உடனிருந்து பேணுவோர்க்கு ஒரு சொல். பயணத் திட்டத்தில் நோயாளிக்கு ஓய்வு நேரம் குறிப்பதுபோல் உங்களுக்கும் ஒரு மணி நேரம் குறித்து வையுங்கள். அந்நேரத்தில் மருந்துப் பையை யார் வைத்திருப்பார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். கூடுமானால் அது நோயாளியின் கையிலேயே இருக்கட்டும். தம் மருந்துகளைத் தாமே அறிந்திருத்தல் நலம்பெறுதலின் ஒரு பகுதி.